இரண்டாம் கட்டிலின் சன்னல்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மொத்தமே நாலு கட்டில். இரண்டாவது கட்டிலை ஒட்டி இருக்கிற சன்னல்தான், மேகமலையில் எங்கள் டிவிஷனுக்கே செல்போன் டவர் கிடைக்கிற ஒரே இடம். அதை விட்டு நாலடி தள்ளிப் போனால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். எந்தப் புண்ணியவான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ! அன்றிலிருந்து லயன் வீட்டுத் தொழிலாளிச் சனம் மொத்தமும் அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் ஊர் உலகத்தோடு பேசுகிறது. உள்ளே படுத்திருப்பது காய்ச்சல்காரனா, பிள்ளைத்தாச்சியா, பிணமா என்று எவருக்கும் கவலை கிடையாது.

நானும் பேசியிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது. காய்ச்சலில் கிடந்த மொக்கைச்சாமி மாமா, "மெதுவாப் பேசு புள்ள, மண்ட வலிக்குது" என்று கெஞ்சக் கெஞ்ச, என் வளைகாப்புப் புடவையின் நிறத்தைப் பற்றி அம்மாவிடம் முக்கால் மணி நேரம் கத்தியவள்தான் இந்த அனுஷ்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே கட்டிலில் நான் கிடந்தேன். ஒன்பதாம் மாதம். விடிந்ததிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். "ஏலே, எந்திரிடா" என்று வயிற்றைத் தட்டித் திட்டியும் பார்த்தேன். நான் டீ குடித்தால் போதும், உதைக்கிற பிள்ளை அது. அன்றைக்கு மூன்று டீ குடித்தும் உதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது ரஃபியா சிஸ்டர் மட்டும். உத்தமபாளையத்துக்காரர், இங்கேயே தங்கி வேலை பார்க்கிறார். பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற மெஷின் ரிப்பேருக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. கையில் இருந்தது பழைய குழல் ஒன்றுதான். ஒரு முனையை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் விஷால் சின்னமனூருக்குப் போன் போட்டு ஜீப்புக்குச் சொல்லியிருந்தார். அந்த ரோட்டில் அது ஏறி வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும்.

"பயப்படாதம்மா. துடிப்பு மட்டும் கேட்டுருச்சுன்னா ஜீப்பு வர்ற வரைக்கும் தைரியமா இருக்கலாம்" என்று சிஸ்டர் குழலை வைத்தார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ கேக்குது. ஆனா உன் நாடியும் பதறிக்கிட்டு ஓடுது. ரெண்டும் வேற வேறதானான்னு ஒரு முழு நிமிசம் எண்ணிப் பாத்துக்கிறேன்."

ஏதோ கேட்கிறது! எனக்கு அது போதும். மனசுக்குள்ளேயே சாமியைக் கும்பிட்டேன்.

"கிளட்ச்சு போயிருச்சுங்கிறேன்! ஹலோ! கிளட்ச்சுடா, கிளட்ச்சு!"

சன்னலுக்கு வெளியே டிராக்டர் ஓட்டுகிற கர்ணன். சிஸ்டர் எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். சாத்தி என்ன பிரயோசனம்? ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து வெறும் அட்டைதான் செருகியிருந்தது. அதிலும் டொக் டொக்கென்று தட்டினார்கள். "சிஸ்டர், தொறந்து விடுங்க, டவர் போயிருச்சு!"

மறுபடி குழலை வைத்தார். இருபது எண்ணியிருப்பார். வெளியே லயன் வீட்டுப் பையன் முத்துக்கருப்பன் போனில் எதையோ முழுச் சத்தத்தில் போட்டுவிட்டான். பத்துப் பேர் கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம். அது முடிந்ததும் பஞ்சம்மாள் அத்தையின் முறை. திருப்பூரில் இருக்கும் மகளுக்கு மீன் குழம்பு சொல்லிக்கொடுக்கிறாள். "புளிய முந்தியே ஊத்திராத ஆத்தா! கேக்குதா? புளிய, புளிய!"

வெளியே விஷாலின் குரலும் கேட்டது. "அண்ணே, கொஞ்சம் மெதுவா..." அதற்குக் கர்ணன், "இரு தம்பி, ரெண்டே நிமிசம்." விஷால் உள்ளே வந்து, "சொல்லிட்டேன், முடிச்சிருவாக" என்றார்.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கு? விசயம் என்னன்னு சொன்னீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை. அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவருக்குப் பயம். எனக்கு மட்டும் பயமில்லையா? வயிறு கல்லாகக் கிடந்தது. நான் கட்டிலை விட்டு இறங்கினேன். "இறங்காதம்மா" என்று சிஸ்டர் பிடித்த கையை உதறிவிட்டுப் போய், சன்னல் கதவைப் படாரென்று திறந்தேன்.

"நிறுத்துங்கய்யா! என் புள்ள உசுரோட இருக்கா இல்லையான்னு உள்ள சிஸ்டர் காத வச்சுக் கேக்குறாக. ஒங்க கிளட்ச்ச நாளைக்குப் பாக்கலாம், மீன் கொழம்ப நாளைக்கு வைக்கலாம். எனக்கு நாளைக்கு முடியாது. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், ஒரே ஒரு நிமிசம் வாயப் பொத்துங்க!"

கர்ணன் போனை அணைத்துவிட்டான். முத்துக்கருப்பன் தன்னுடையதைச் சட்டைக்குள் போட்டு அமுக்கிக்கொண்டான்.

"அடி ஆத்தீ, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் பஞ்சம்மாள் அத்தை. மற்றவர்கள் தேயிலைச் செடி வரைக்கும் பின்வாங்கிப் போனார்கள். அவள் மட்டும் காலை எடுத்து வைத்தால்கூடச் சத்தம் வரும் என்று பயந்தவள்போல, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சன்னலடியிலேயே நின்றுவிட்டாள்.

நான் வாக்கப்பட்டு வந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சன்னலில் அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. நான் திரும்பி வந்து கட்டிலில் படுத்ததும், சிஸ்டர் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆனது. குழலை இடது பக்கம் நகர்த்தினார். இன்னொரு நிமிஷம். தொப்புளுக்குக் கீழே, பிறகு வலது பக்கம். சிஸ்டர் முதலில் வைத்த இடத்துக்கே திரும்பி வந்தார். என் மணிக்கட்டை விட்டார், மறுபடி பிடித்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது.

"மொதல்ல கேட்டுச்சுன்னு சொன்னீங்கள்ல சிஸ்டர்?"

"அது உன் நாடிதாம்மா" என்றார். "உன்னோடது மட்டுந்தான் கேக்குது."

விஷால் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்கள் கத்திக்கொண்டிருந்த வரைக்கும், துடிப்பு கேட்காததற்கு அவர்கள் காரணமாக இருந்தார்கள். என் பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. வேலை மெனக்கெட்டு இறங்கிப்போய் அவர்கள் வாயை அடைத்தவள் நான்தான்.

மறுபடியும் சன்னலுக்குப் போனேன்.

"ஏன் இப்படி வாயடைச்சு நிக்கிறீக? பேசுங்க! கர்ணண்ணே, அந்தக் கிளட்ச்சு என்னாச்சு, பேசுங்கண்ணே! முத்துக்கருப்பா, அந்தச் சிரிப்பப் போடுடா. நல்லாச் சத்தமா வையிடா!"

கர்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது பஞ்சம்மாள் அத்தையின் நெஞ்சுப் பக்கமிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது. அவள் போனைக் கட் பண்ணியிருக்கவில்லை. மகள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அம்மா, இருக்கியா? நான் பேசுறது கேக்குதாம்மா?"

பஞ்சம்மாள் பதறிப்போய் இரண்டு கையாலும் போனைப் பொத்தினாள். நான் கம்பிக்குள் கையை விட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

"பொத்தாதீக அத்த" என்றேன். "அது கூப்பிடட்டும்."