நாலாவது சுத்து

பழுகாமத்தில் இந்த வருடக் கொம்புமுறியில் வடசேரிக் கொம்புக்குக் கயிறு கட்டியவர் கதிர்காமத்தம்பி. வளைந்த மரக்கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும் விளையாட்டு அது. கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்த அறுபத்தெட்டு வயது மனிதருக்கு இது தேவையா என்று கேட்டால் சண்டைக்கு வருவார். முடிச்சுப் போட அவரை விட்டால் ஆளில்லையாம். அந்த முடிச்சுத்தான் பாதி இழுவையில் கழன்றது. கொம்பு எகிறிப் புருவத்தில் அடித்ததில் வலது கண்ணுக்குள் இருந்த லென்ஸ் கீழே சரிந்துவிட்டது.

“கயிறு அறுந்திட்டு” என்று ஊர் முழுக்கச் சொன்னார். அறுந்த கயிற்றை ஒருவரும் காணவில்லை. ஆனாலும் அடிபட்ட மனிதரோடு யார் வாதாடுவது?

டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் விஜிதரன் விளக்கினார். சரிந்த லென்ஸை மேலே தூக்கி, மயிரிலும் மெல்லிய நூலால் கண்ணின் வெள்ளைச் சுவரோடு கட்டிவிடலாம். கண்ணை மட்டும் விறைக்கவைப்பார்கள், ஆள் விழித்திருப்பார்.

கட்டுவது என்றதுமே கதிர்காமத்தம்பி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். இடது கண்ணில் ஏற்கெனவே அரைப் பார்வைதான்.

ஒப்பரேஷன் தியேட்டரில் முகத்தைப் பச்சைத் துணியால் மூடினார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ் பிரஷாந்தி அதே ஊர், அதுவும் தென்சேரிக் குடும்பம். குரலை வைத்தே கண்டுபிடித்து நொந்துகொண்டார்.

“ஆடப்படாது ஐயா. கதைக்கவும் வேணாம்” என்றார் டொக்டர்.

அரைமணி நேரம் நல்ல பிள்ளையாகக் கிடந்தார். லென்ஸ் மேலே வந்து, டொக்டர் நூலைக் கேட்டதும் பொறுக்கவில்லை.

“டொக்டர், முடிச்சுக்கு எத்தின சுத்து?”

“மூணு. அதுவே காணும்.”

“இன்னுமொண்டு போடுங்களன்.”

பிரஷாந்தி விடுவாளா? “என்ன மாமா, உங்கட கொம்பில கயிறுதானே அறுந்தது? முடிச்சுக்கு ஏன் பயப்படுறீங்க?”

வடசேரியின் மானம் ஒருபக்கம், கண் ஒருபக்கம். மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

“கயிறு அறுகல்ல மகள். என்ட முடிச்சுத்தான் கழண்டது. நானும் மூணு சுத்துத்தான் போட்டனான்.”

டொக்டர் நாலாவது சுத்தையும் போட்டு இறுக்கினார்.

“நான் ஊரில சொல்லமாட்டன் மாமா” என்றாள் பிரஷாந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“சொல்லு மகள். சிரிக்கிற ஆக்கள்ர முகம் எனக்குத் தெரிஞ்சாக் காணும்.”