பாஸ் வந்துவிட்டார்

அம்மா வீரம்மா செத்தபோது சோலைமலைக்கு ஒன்பது வயது. டயகமத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே மாரடித்து அழுதது. இவன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரப் பயல் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அத்தனை அழுகையும் அவன் காதோடு நின்றுவிட்டது. பாடைக்கு முன்னால் போன பெரிய தப்பு மேளத்தின் அடி மட்டும் நேராக வயிற்றில் வந்து விழுந்தது. அன்றைக்கு அவன் உணர்ந்தது அது ஒன்றைத்தான். அதற்குப் பிறகும், உள்ளதைச் சொன்னால், பெரிதாக எதையும் உணர்ந்துவிடவில்லை.

வளர்ந்ததும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலைக்குப் போனான். ஒரு நாள், வேண்டாமென்று ஒதுக்கிப் போட்ட பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதில் மண்வெட்டிப் பிடியை நட்டு, கயிறு இழுத்துக் கட்டிச் சுண்டினான். பழைய அடி மறுபடியும் வயிற்றில் விழுந்தது. அப்புறம் விடுவானா? வேலை விட்டு வந்தால் அதே சுண்டல்தான். வயிற்றைக் கலக்குகிறது என்று அடுத்த காம்பராவில் குடியிருந்த பேச்சியம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த மஃறூபின் மகன் நஸார் கிட்டார் வாசிப்பவன். தாளத்துக்குச் சின்னராசா, பாட்டுக்கு அழகன் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். பெட்டிச் சத்தத்தைக் கேள்விப்பட்டு சோலைமலையையும் சேர்த்துக்கொண்டான். கொழும்பிலிருந்து நாலு கம்பி வைத்த பழைய பாஸ் கிட்டார் ஒன்றையும் அவனுக்காக வாங்கி வந்தான். லயத்தில் கரண்ட் கிடையாது. அதனால் அது நஸார் வீட்டிலேயே இருந்தது. சோலைமலை ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய் வாசித்துவிட்டு வருவான்.

கல்யாண வீடுகளில் நால்வரும் வாசித்தார்கள். சனங்கள் அழகனின் குரலை மெச்சினார்கள், நஸாரின் விரலை மெச்சினார்கள். சோலைமலையைக் காட்டி, இந்தத் தம்பி என்ன செய்கிறது என்று கேட்டார்கள். பாஸ் வாசிக்கிறான் என்றால் சிரிப்புத்தான். மலைநாட்டில் பாஸ் என்றால் தச்சன், தப்பினால் கொத்தன். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இவன் இருந்துகொண்டான். அடியில் தான் தாங்கவில்லையென்றால் பாட்டே சரிந்துவிடும் என்று நம்பினான். அவனுக்கென்று இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

அறுபத்தைந்து தை மாதம், நுவரெலியாவில் தோட்டத் துரைமார் கிளப் ஒன்றில் ஞாயிறு பகல் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பிடித்துப்போனால் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கலாம், தங்க அறையும் உண்டு என்றார்கள். சோலைமலை பெட்டி அடிப்பதை விட்டுவிட்டு வந்துவிடலாம். கிட்டாரும் அவனுடைய கோட்டும் நஸாரின் வேனில் போயின. இவனுக்கு அன்று ஞாயிறென்றும் பாராமல் காலையில் ஸ்டோரில் வேலை போட்டிருந்தார்கள். முடித்துவிட்டு ஏறிய பஸ் நானுஓயாவில் படுத்துக்கொண்டது. மிச்ச வழியை மழையில் நடந்து, சேறும் சகதியுமாக வாசலில் போய் நின்றான்.

கேட் காவலுக்கு நின்ற வாச்சர் சிங்களவர். தான்தான் பாஸ், உள்ளே காத்துக்கொண்டிருப்பார்கள் என்று சோலைமலை சிங்களத்தில் சொன்னான்.

வாச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பாஸ் உன்னெஹே" என்று மரியாதையாக அழைத்து, கேட்டைத் திறந்து, பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கதவு கீல் கழன்று தொங்கியது. காலையிலிருந்து பாஸைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

சோலைமலைக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறக்கப் போனான். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நஸாரின் கிட்டார் தொடங்கிவிட்டது.

அவன் சுத்தியலோடு நின்றான். இப்போது பாட்டு சரியும், நஸார் நிறுத்துவான், நாம் உள்ளே போகலாம் என்று நின்றான். முதல் பாட்டு முடிந்து கைதட்டினார்கள். இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்குத் துரைமாரும் துரைசானிமாரும் தரை அதிர ஆடினார்கள். எந்த இடத்திலும் எதுவும் சரியவில்லை. அழுகை வரவேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. வயிற்றில் கைவைத்துப் பார்த்தான். அங்கேயும் ஒன்றுமில்லை. கதவைத் தூக்கி நிறுத்தி ஆணி அடிக்கத் தொடங்கினான். வேலை சுத்தமாகவே வந்தது.

விருந்து முடிந்து வேனடிக்குப் போனான். நஸார் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். பஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார்களாம், கால் மணி நேரம் காத்திருந்தும் பார்த்தார்களாம். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தான்.

"ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல்றாங்க மச்சான். ஆனா மேடை சின்னதாம். மூணு பேரு போதுமாம்."

சோலைமலை தலையாட்டினான்.

"என்னையுந்தான் வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

"யாரு?"

"வாச்சர் ஐயா. ரெண்டு ஜன்னல் மூட மாட்டேங்குதாம்."