கால்களுக்குக் கட்டம் இல்லை

1

சாட்சி சொல்ல வாருங்கள், வாசகப் பெருமக்களே! தேநீர்க் கடை பெஞ்சில் எவரோ மறந்துவிட்டுப் போன அரசாங்கப் படிவத்திலிருந்து பிறந்தது இக்கதை, மறைப்பானேன்? ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டு மேம்பாலம் கட்டினால் நாட்டுக்கு லாபமா, நட்டமா என்று தீர்மானிக்க மூன்று நாள் கணக்கெடுப்பு. படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்: லாரி, பேருந்து, கார் என்று தொடங்கிச் சைக்கிளில் முடிகின்றன. நடப்பவருக்குக் கட்டமே இல்லை!

2

“அந்திச் செவ்வொளியில் தண்டவாளம் மின்னியது…” (அடித்துவிட்டேன். தண்டவாளத்தை அழகாக்கினால் உங்களுக்கு எப்படிக் கோபம் வரும்?)

“அவள் ஒரு…” (இதுவும் வேண்டாம். நேராகச் சொல்கிறேன்.)

தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பவள். எல்லாருக்கும் அவள் ‘காஜா’. மதிய இடைவேளை முப்பது நிமிடம். கேட்டைக் கடந்து வீட்டுக்கு ஆறு நிமிடம், திரும்ப ஆறு. மிச்சம் பதினெட்டு நிமிடம், நான்கு மாதக் குழந்தை பால் குடிக்க. கேட்டை மூடினால் மேம்பாலம் சுற்றிப் போக இருபது, வர இருபது. இந்தக் கழித்தலுக்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

3

கணக்கெடுப்பவரை முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கப் பார்த்தேன். மீசை ஒட்டவில்லை. முதல் நாள் மாலை, ஆலை விட்டதும் காஜா அவரிடம் கேட்டாள்:

“என்ன சார், உங்க மூக்குக்கு முன்னாடிதானே போனேன். என்னை எழுதலையா?”

“கால்ல போறவங்களுக்குக் கட்டம் இல்லம்மா.”

“அதோ, அவர் சைக்கிளத் தள்ளிட்டுப் போறாரே?”

“சைக்கிளுக்கு உண்டு. ஓட்டினாலும் ஒண்ணு, தள்ளினாலும் ஒண்ணு.”

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி எதிர்கொண்டு வந்த நாத்தனார் துள்ளினாள். “அண்ணி! எங்க அண்ணனோட ஓட்டைச் சைக்கிள் சும்மாதானே கெடக்கு?”

“அதுக்குச் செயினே இல்லடி.”

“செயினுக்குக் கட்டம் இருக்கா என்ன?”

4

இரண்டாம் நாள், ஆலையின் நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் அந்த ஒரே சைக்கிளைத் தள்ளினார்கள்! ஒருத்தி இங்கிருந்து அங்கே. அடுத்தவள் அங்கிருந்து இங்கே. (நூற்றுப் பதினோரு பேரின் கதைகளைச் சுருக்கம் கருதி வெட்டிவிட்டேன். பார்த்தீர்களா, நானும் நிபுணனாகிவிட்டேன்!)

“கை வலிக்குதும்மா. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடட்டுமா?”

“ரெண்டா குடிங்க சார். நாங்க கேட்டுக்கு நடுவுல நிக்கிறோம், லாரிக்காரங்க காத்திருக்கட்டும்!”

அவர் சிரித்தபடி ஒன்றுவிடாமல் கோடு போட்டார். மாலையில் படிவத்தைத் திருப்பிக் காட்டி, குரலைத் தாழ்த்தினார்: “பின்பக்கம் ‘பொதுமக்கள் கருத்து’ன்னு ரெண்டு வரி இருக்கு. ஒருத்தரும் எழுதினதே இல்ல. நாளைக்குக் கடைசி நாள்.”

5

முடிவு (அ): கேட் பிழைக்கிறது, மேளம் முழங்குகிறது. (பொய். எழுத மாட்டேன்.)

முடிவு (ஆ): சைக்கிள்கள் பெருகிவிட்டதைக் கண்டு நிபுணர்கள் பூரிக்கிறார்கள். கேட்டை மூடுகிறார்கள், மேம்பாலத்தின் உச்சியில் அருமையான சைக்கிள் நிறுத்தம் கட்டுகிறார்கள்! (இதை எழுதிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குழந்தையின் நினைவு வந்தது.)

முடிவு (இ): மூன்றாம் நாள்…

இதை நான் முடிக்கப்போவதில்லை. அந்த இரண்டு வரிகள் என்னுடையவை மட்டுமல்ல. ஒரு தாயின் பதினெட்டு நிமிடத்தைப் பூஜ்யத்தால் பெருக்குகிற கணக்கு எந்த மேசையில் கிடந்தாலும், அதைத் திருப்புங்கள். பதின்மூன்றாம் கட்டம் வரையுங்கள். ‘கால்கள்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

எழுந்திருங்கள்! ஆலையில் இடைவேளை மணி அடித்தாயிற்று.