பிரேக் பிடிக்கவில்லை என்றான்

என் தங்கையின் கையில் எலும்போடு சேர்த்து ஒரு ஸ்டீல் தகடு இருக்கிறது. வைத்தவர் டாக்டர். வைக்கும்படி செய்தவன் அவள் புருஷன்.

அந்த மகானுபாவன் அவள் கையை ஒடித்த அதே காரை என்னிடமே ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் ஸ்கேனரைச் செருகி என்ன கோளாறு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் நான் ஸ்கேனர் அக்கா. நசுங்கிய கதவையும் பம்பரையும் வேறெங்கோ மாற்றி, பெயின்ட் அடித்து, வண்டியைப் புதுமாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தான். ஆனால் டேஷ்போர்டில் ஏபிஎஸ், டிராக்‌ஷன் என்று இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும் அணைய மாட்டேன் என்றன. என்னை வரச்சொல்லிக் காட்டினான். பிரேக் போய்விட்டது என்று விபத்து நடந்தபோதே தான் சொன்னதற்கு இதுதான் சாட்சியாம். வாய் கூசாமல் சொன்னான்.

அன்றைக்கு இருவருக்கும் காரிலேயே சண்டை. பேச்சு முற்ற முற்ற வேகமும் ஏறியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தைக் கொண்டுபோய் ஒரு பாலத்தூணில் மோதினான். இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒப்பாரி வைத்தான். வந்தவர்கள் இவனுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

கை கூடும்வரை தங்கை என் வீட்டில் இருந்தாள். வண்டி சரியானதும் அன்றைக்கே அவனோடு கிளம்புவதாகப் பெட்டியோடு ஒர்க்‌ஷாப்புக்கே வந்திருந்தாள். போகாதே என்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "பிரேக் பிடிக்கலைன்னா அவர் என்னக்கா பண்ணுவார்?" என்று திருப்பித் திருப்பி ஒன்றையே சொன்னாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவனிடம் திரும்பிப் போகத் துணிந்திருந்தாள்.

ஸ்கேனரைச் செருகினேன். முன்சக்கரம் ஒன்றிலிருந்து தகவலே வரவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சாரின் வயர் அறுந்து தொங்கியது. மோதலில் மடங்கிய தகடு அதைக் கடித்திருந்தது. பெயின்ட் அடித்த புண்ணியவான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வயர் போனால் இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும். ஆனால் பிரேக் பிடிக்கும். திடீரென்று மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் வசதி மட்டும்தான் இருக்காது. பிரேக் ஆயில் குறையவில்லை, எங்கும் கசிவில்லை, பிரேக் பேடுகள் தேயாமல் தடிமனாக இருந்தன, பெடல் கல் மாதிரி நின்றது.

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளக்கு எரிந்ததால் வண்டி மோதவில்லை, மோதியதால்தான் விளக்கு எரிகிறது என்றேன். அவன் சிரித்தான். இன்றைக்கு நன்றாக இருந்தால் அன்றைக்கும் நன்றாக இருந்திருக்க வேண்டுமா, பிரேக் லைட் எரிந்தால் பிரேக் இல்லை என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்றான். அவள் தலையாட்டினாள். அக்காவுக்கு அவரை எப்போதுமே ஆகாது என்று முணுமுணுத்தாள். அது உண்மைதான்.

புது சென்சார் வாங்குவதற்கு முன் மற்ற மூன்று சக்கரங்களும் சரியாகத் தகவல் அனுப்புகின்றனவா என்று ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். தங்கையைப் பின்னால் ஏற்றி, பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். அதற்கு முன்பே ஒர்க்‌ஷாப் மைதானத்தில் தனியாக ஓட்டி, பிரேக்கைப் பலமுறை முழுசாக அழுத்திப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. எனக்குள் இருந்தது நியாயம் கேட்கிற எண்ணம் இல்லை. அவன் பயந்து சாக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே ஒரு நேர்ச்சாலை. கடைசியில் ஒரு கான்கிரீட் சுவர். ஆள் நடமாட்டம் கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மூன்று சக்கரமும் ஒரே வேகம் காட்டுகிறது, ஒன்று மட்டும் பூஜ்யம் என்று பெரிய நிபுணன் மாதிரி வாசித்தான். நான் காலை எடுக்கவில்லை. சுவர் கிட்டே வந்தது. வாசிப்பு நின்றது.

"அக்கா, பிரேக்" என்றான்.

"லைட் எரியுதே மாப்பிள்ளை. எப்படிப் பிடிக்கும்?"

ஸ்கேனர் அவன் மடியிலிருந்து விழுந்தது. இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"பிடிக்கும்க்கா. பிரேக்குக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அமுக்குங்க, அமுக்குங்க."

அமுக்கினேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கத்தின, ரப்பர் தீய்ந்தது, சுவருக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு வண்டி நின்றது. அவன் முகம் வெளிறி, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆசை தீரப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

தங்கை என்னைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அவனிடம்தான் பேசினாள்.

"அன்னைக்கு நானும் இதையேதான் கத்தினேன். அமுக்குங்க, அமுக்குங்கன்னு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீங்க திரும்பி என் மூஞ்சியப் பார்த்தீங்க. பிரேக் பிடிக்காத பயத்துலதான் பார்த்தீங்கன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." முன்சீட்டைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள். "இறங்குங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைத் தாண்டிக் கையை நீட்டி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.