கிணற்றில் மிச்சமிருந்த கூகை

ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் மலர்கொடியின் கிணறு வற்றிப்போய், போட்டிருந்த சின்ன வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்த, கிணறு வெட்டும் மேஸ்திரி ஆண்டவர் கிரேனோடும் ஆட்களோடும் வந்து இறங்கிவிட்டார். ஆனால் கிணற்றுச் சுவரின் பொந்தில் கூகைக் குஞ்சுகள் இருந்தன. வயலில் எலித் தொல்லையே இல்லாமல் செய்த குடும்பம் அது. குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கச் சொல்லி மலர்கொடி கெஞ்சினாள். ஆண்டவரும் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து ஊர்க் கிணற்றை முதலில் முடிக்கப் போனார்.

குஞ்சுகள் திசைக்கொன்றாகப் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. பெற்றவை அதற்கு எலி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டன. மலர்கொடிக்கு மனசு கேட்குமா? ஈவிரக்கம் இல்லாத ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே, கறிக்கடையில் கோழிக்குடல் வாங்கிவந்து பொழுது சாயும்போது கிணற்றுமேட்டில் வைத்தாள். நன்றாகவே பறக்கத் தெரிந்த குஞ்சு, வந்து தின்றுவிட்டுப் பொந்துக்கே திரும்பியது. வீட்டோடு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று கேலி செய்தான் அவள் கணவன் தங்கசாமி.

திரும்பி வந்த ஆண்டவர், நாளைக்கு வெடி வைக்காவிட்டால் உடையார்பாளையத்து வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அதை முடித்து அவர் வரும்வரை வெங்காயம் தாங்காது.

அன்று சாயங்காலம் தாய்க்கூகை எலியோடு வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்தது. குஞ்சு கத்திக்கொண்டே அருகில் போனது. தாய் கொடுக்கவில்லை. அதன் கண்ணெதிரிலேயே எலியை விழுங்கிவிட்டுப் பறந்துவிட்டது. மலர்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. தீனி போட்டுக் குஞ்சை இங்கே கட்டிவைத்திருந்தது அவள்தான்.

குஞ்சு பழக்கதோஷத்தில் அவளிடம் வந்து, மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்து கத்தியது. வெறுங்கையோடு நின்றவள், குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். அது நகராமல் தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அழுதுகொண்டே மறுபடி எறிந்தாள். கட்டி இறக்கையில் பட்டது. குஞ்சு எழும்பி, சோளக்காட்டைத் தாண்டி ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் போய் மறைந்தது.

காலையில் பொந்து காலியாக இருந்தது. ஆண்டவர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திரியைப் பற்றவைக்கப் போனார்.

"அதான் போயிடுச்சுல்ல, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் தங்கசாமி.

"தானாப் போயிருந்தா நிம்மதியா இருக்கும்ங்க," என்றாள் மலர்கொடி. "தீனி போட்ட கையப் பாத்துப் பயந்துல்ல போச்சு."