முதுகு காட்டிக் கேட்ட பாட்டு

"சீனிப் பாட்டைக் கேட்டா என்ன?" என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னதும் சைக்கிள் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. கடைக்காரர் விரலில் ஒட்டியிருந்த செயின் எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிக்காதவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் டிரம்மர் மட்டும்தான். டிரம்மர் என்று பெயரே தவிர, வாழ்நாளில் அவர் டிரம்ஸைத் தொட்டதில்லை. ஸ்டியரிங்கிலும் டிபன் டப்பா மூடியிலும் பக்கத்தில் இருப்பவர் தோளிலும் தட்டித் தட்டியே வாங்கிய பெயர் அது.

"டேய், நிஜமாத்தான் சொல்றியா?" என்றார் டிரம்மர்.

"நிஜமாத்தான்."

"காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது இருக்கா?"

அந்த அறையில் கூடுகிறவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. வாலிபத்தில் கேட்க ஆரம்பித்த ஒரு ராக் குழுவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். குழுவின் பெயரை இவர்கள் சொல்வதில்லை. 'நம்மாளுங்க' என்பார்கள். பாடுகிறவர் பெரியவர், கிட்டார்க்காரர் நெட்டை, டிரம்ஸ் வாசிப்பவர் மொட்டை. நெட்டைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது சொந்தத் தம்பிக்கு நடந்ததுபோல் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரித்துக்கொண்டார்கள். இப்போது நம்மாளுங்க ஊர் ஊராகப் போய் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் பழைய ரசிகர் மன்றம் ஒரு பாட்டைச் சொன்னால் அதைப் பாடுவதாக அறிவித்திருந்தார்கள். அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

சீனிப் பாட்டு என்பது இவர்கள் வெறுப்பில் வைத்த பெயர். மெதுவான, இளகிய பாட்டு. நம்மாளுங்களை ஊரறிய வைத்ததே அதுதான். அது வரும்வரை நம்மாளுங்க இவர்களுடைய ரகசியம். வந்த பிறகு சலூனிலும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும்கூட அவர்கள் குரல் கேட்டது. கச்சேரிகளில் புதுமுகங்கள் வந்து முன்னால் நின்றார்கள். அந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, பாதிக் கச்சேரியில் கிளம்பிப் போனார்கள். அந்த ஆத்திரத்தில் ஒருநாள், சீனிப் பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவன் மேடைக்கு முதுகைக் காட்டிக் கைகட்டி நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். வரிசை திரும்பியது. அது ஊர் ஊராகப் பரவி, உண்மையான ரசிகனுக்கு அதுவே அடையாளமாகி, கடைசியில் நம்மாளுங்களே மனம் கசந்து அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை விட்டுவிட்டார்கள். முதலில் திரும்பியவர் இந்த லிஃப்ட் மெக்கானிக். மன்றத்தில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அதில் வந்ததுதான். புதிதாக யார் வந்தாலும் டிரம்மர் அவரைக் காட்டி, "முதல் முதுகு இவனோடது" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

"முதல் முதுகே வளைஞ்சுபோச்சேப்பா," என்றார் கடைக்காரர்.

"அதுல பேஸ் கிட்டார் நல்லா இருக்கும்," என்றார் அவர்.

"எந்த இடத்துல?" டிரம்மர் விடவில்லை.

அந்தப் பாட்டில் எந்த இடமும் அவருக்கு நினைவில் இல்லை. பெண்டாட்டிக்காகக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிப்பு அடங்கியிருக்கும், கைகள் உயர்ந்திருக்கும். ஆனால் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணிக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லையே என்பார்கள். வேறொரு வேகமான பாட்டு முடிவாயிற்று. எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தூக்கினார்.

அவர் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஆள் உயர இரும்பு உருளைகளுக்குள் போர்வைகள் புரண்டு விழும் இரைச்சலில் அங்கே குரல் எடுபடாது. பெண்கள் ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே ஊர்க்கதை பேசி முடிப்பார்கள். "சூப்பர்வைசரை எதிர்ல நிக்க வெச்சே வறுத்து எடுப்போம். அவருக்கு ஒரு எழுத்து கேக்காது," என்று புதிதாகக் கல்யாணமான நாட்களில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த இரைச்சல் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. லிஃப்டின் கதவில் காதை வைத்தால் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டதற்கு அவள் பதில் சொல்லாததைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டார். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்று அவருக்கும் உள்ளூரத் தெரியும் என்பதால் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்படியே வருஷங்கள் போயின. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க அவள் அதன் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"கீச்சுச் சத்தமெல்லாம் முதல்ல போகும். கனமான சத்தம் கொஞ்ச நாள் தாங்கும்," என்றார் டாக்டர். "இப்ப இருக்கிறது அடுத்த வருஷம் இருக்குமான்னு சொல்ல முடியாது."

கனமான சத்தம் என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். போனில் சீனிப் பாட்டைத் தேடி எடுத்து, காதுக் கருவி போட்டிருந்தவளிடம் நீட்டினார். முதல் வரி முடிவதற்குள் அவள் கருவியைக் கழற்றிவிட்டாள்.

"தகரத்துல கூழாங்கல்லு உருட்டுற மாதிரி இருக்குங்க. நிறுத்திடுங்க. மனசுல நல்லா இருக்கு, அதையும் கெடுத்துக்க வேணாம்."

நிறுத்திவிட்டார். அதன் பிறகு தனியாகவும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவளோடு சேர்ந்துதான் கேட்பது, நெஞ்சை உலுக்கும் அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் முன்னால் நின்று, முதலிலிருந்து கடைசிவரை, முதல் தடவையாக. அது அவளுக்குச் செய்கிற நேர்மை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் தடவையாகத்தான். ஏனென்றால் முதுகு திரும்பிய கதையில் மன்றத்தில் யாரும் சொல்லாத ஒரு பாதி இருந்தது. சலவைக்கூடத்து முற்றத்தில் சாப்பாட்டு வேளையில் யாரோ வைத்த ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "உங்காளுங்க பாட்டாமே, என்னைக் கூட்டிட்டுப் போங்களேன்," என்று அவள் கேட்டாள். கல்யாணமான புதிது. கூட்டிக்கொண்டு போனார். புதுச் செருப்பு கடித்ததில் நொண்டிக்கொண்டே வந்தாள். அந்தப் பாட்டு தொடங்கியதும் "இதுதாங்க, இதுதான்!" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் அதற்குள் திரும்பிவிட்டிருந்தார். அப்போது வேறு யாரும் திரும்பவில்லை. கூட்டம் முழுக்க மேடையைப் பார்க்க, அவர் மட்டும் எதிர்த்திசையில் கோமாளிபோல் நின்றார். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக நிற்க முடியாமல், அவள் இரண்டு தோள்களையும் பிடித்து அவளையும் திருப்பி நிறுத்தினார். அதைப் பார்த்த பிறகுதான் டிரம்மர் திரும்பினார், வரிசை திரும்பியது. முதல் முதுகு அவருடையது என்றால் இரண்டாவது முதுகு அவளுடையது. பாட்டு முடியும்வரை, மைதானத்தின் கோடியில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்தபடி நின்றாள். திரும்பி வரும்போது பேருந்தில், "பின்னாடியிருந்தும் நல்லாத்தான் கேட்டுது," என்றாள். அதன் பிறகு எந்தக் கச்சேரிக்குக் கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் துணி கிடக்கு."

வீட்டுக்காக அவர் பதிவு செய்து வைத்த கேசட்டில் அந்தப் பாட்டை விட்டுவிட்டுத்தான் பதிந்தார். ஒருநாள் அதை ஓடவிட்டு, "இதுல அந்தப் பாட்டு இல்லையா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசிக் கச்சேரிக்கு அவளைக் கூப்பிட்டபோது, அவள் பார்க்கும்படி முகத்துக்கு நேரே நின்று கேட்டார். அவள் அவர் வாயையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, திரும்பி நிக்க வேற ஆள் கிடைக்கலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பாட்டு பாடுவாங்களா?"

"தெரியல. பாடுனாலும் பாடலாம்."

பாட மாட்டார்கள் என்று தெரிந்தே சொன்னார். அவள் வருவதாகச் சொன்னாள்.

மைதானத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்புக் கம்பியை ஒட்டி மன்றத்துக்காரர்கள் இடம் பிடித்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் டிரம்மருக்கு நேர் பின்னால் மனைவியை நிறுத்தி, மேடை தெரிகிறதா என்று இரண்டு முறை குனிந்து அவள் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டார்.

"அண்ணி! அதிசயமா இருக்கே. சத்தம் காதைக் கிழிச்சுடும், பஞ்சு தரட்டுமா?" என்றார் டிரம்மர்.

"எனக்கு ஆண்டவனே வெச்சு அடைச்சுட்டாருப்பா. நீ உனக்கு வெச்சுக்க."

டிரம்மர் முகம் மாறியது. மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் மேடையைப் பார்த்தார்.

முதல் பாட்டிலேயே அவள் காதுக் கருவிகளைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். அவர் அன்று மேடையைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். நெட்டை ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பதையும், மொட்டை வியர்வையைத் துண்டால் ஒற்றுவதையும் அவள் ஊமைப்படம்போலப் பார்த்து ரசித்தாள். மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துக் கொஞ்சம் பிந்தித் தட்டினாள். மன்றம் கேட்ட பாட்டு வந்தது, போயிற்று. பிறகு பெரியவர் மைக்கை அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க கேட்டதைப் பாடியாச்சு. இப்ப நாங்க பாட ஆசைப்படுற பாட்டு. ரொம்ப நாளாச்சு. திரும்பிக்கிறவங்க திரும்பிக்கலாம், எங்களுக்கும் பழகிப்போச்சு."

கூட்டம் ஓவென்று சிரித்தது. நெட்டையின் விரல் முதல் கம்பியைத் தொட்டதும் நரைத்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாதி விளையாட்டும் பாதி விசுவாசமுமாக, வரிசை வரிசையாக, கைகளைக் கட்டிக்கொண்டு. அவர் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடி அந்த இடத்தில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். முன்னால் இருந்த முகங்கள் எல்லாம் அவர்களையே பார்த்தன. டிரம்மர் ஒரு புருவத்தைத் தூக்கி, 'திரும்புடா' என்று ஜாடை காட்டினார்.

"வந்துடுச்சா?" என்றாள் மனைவி, காது கேளாதவர்களுக்கு வரும் உரத்த குரலில்.

அவர் தலையசைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் சொன்ன கனமான சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். பேஸ் அவருடைய விலா எலும்பை உலுக்கிக்கொண்டிருந்தது. அது அவளையும் தொட்டிருக்க வேண்டும். அவள் நெற்றி சுருங்கியது, பிறகு தளர்ந்தது. கண்ணைத் திறந்தாள்.

"லாரி பக்கத்துல நின்னு உறுமுற மாதிரி இருக்கு. பாட்டா தெரியலைங்க." அதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். பிறகு முழுவதுமாக அவர் பக்கம் திரும்பி, முகத்தை நிமிர்த்தி, "நீங்க பாடுங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அவர் ஓரடி முன்னால் போய் அவளுக்கு நேரே நின்று வாயைத் திறந்தார். நம்மாளுங்க பாட்டில் அவருக்குத் தெரியாத ஒரு சொல் கிடையாது. வெளிவராத பாட்டுகள், வரி மறந்து பெரியவர் தப்பாகப் பாடிய இடங்கள், எல்லாம் மனப்பாடம். இதில் முதல் வரி தெரியும். அதைப் பாடினார். அவள் கண்கள் அவர் உதடுகளில் மலர்ந்தன. அடுத்த வரி வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து சொல்லைப் பிடித்துத் திருப்பிச் சொல்லப் பார்த்தார். பிடிப்பதற்குள் அடுத்தது வந்து முந்தையதை அடித்துக்கொண்டு போயிற்று. வாய் தானாக எதையோ மென்றது.

"சும்மா வாயை அசைக்காதீங்க," என்றாள். "எனக்குத் தெரியாதா?"

அவர் வாயை மூடினார். அவள் இன்னும் கொஞ்ச நேரம், ஒருவேளை வருமோ என்று, அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போயிற்று. அவர் திரும்பிப் பார்த்தார். டிரம்மர் மேடைக்கு முதுகு காட்டி, கைகட்டி, முறைப்பு மாறாத முகத்தோடு பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் தவறாமல். அவருக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்காரரும். அந்த வரிசை முழுக்க, திரும்பி நின்ற அத்தனை பேருடைய வாயும் ஒன்றுபோல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எத்தனை காலமாக இப்படிப் பாடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் பக்கவாட்டில் நின்றவனுக்கு அடுத்தவன் வாய் தெரிந்ததே இல்லை.

அவருடைய தோள் அவளுக்குப் பாதி மறைத்தது. அவள் கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஓரடி ஒதுங்கி நின்றார்.

டிரம்மர் அதைக் கவனித்தார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை, முறைப்பையும் விடவில்லை. வாயை மட்டும் இன்னும் சற்று அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துப் பாடினார். அந்த வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் நின்றாள். அவள் உதடுகள் ஒரு சொல் பிந்தி அசையத் தொடங்கின.