அண்ணி கொடுத்தனுப்பிய சாப்பாடு

ஓட்டலின் பின்பக்கம், எச்சில் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்கு அருகில் நின்று அவள் கேரியரின் இரண்டாவது அடுக்கைத் திறந்தாள். வேகவைத்த கோசு. உப்பில்லை, எண்ணெயில்லை. பார்க்கவாவது லட்சணமாக இருக்கட்டுமே என்று மேலே நாலு மல்லித்தழை. காலையில் பஸ் ஏறும்போது அண்ணி இதை அண்ணன் கையில் கொடுக்கவில்லை. "இவரை நம்பிக் குடுக்கமாட்டேன். உன்னை நம்பித்தான் அனுப்புறேன்," என்று இவள் கையில்தான் கொடுத்தாள்.

சாப்பாடு அப்படியே இருந்தது. அண்ணன் வாசலில் நின்ற வேனுக்குள் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தான்.

இதைக் கொட்டிவிட்டால் போதும். அண்ணி, நீங்க குடுத்ததைச் சாப்பிட்டுட்டுத்தான் அண்ணன் போனார் என்று சொல்லிவிடலாம். செத்தவனுக்கும் அதில் நஷ்டமில்லை, இருக்கிறவளுக்கும் கொஞ்சம் ஆறுதல். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே மூன்று அடுக்கையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்து கேரியரைப் பளபளவென்று தேய்த்துக் கழுவினாள்.

உள்ளே வேன் டிரைவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பசியோட ஓட்டினா உங்க அண்ணனுக்குத் துணையா நானும் போய்ச் சேர வேண்டியதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அண்ணன் கேட்டிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்து, இந்த மனுஷனுக்கு ஒரு ஆம்லெட்டும் சொல்லியிருப்பான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பெண்டாட்டி பிள்ளை புருஷன் யாரையும் சேர்க்காமல், அண்ணனும் தங்கையும் தெரியாத ஊருக்குப் போவார்கள். போவது சாப்பிடத்தான். பார்க்க வேண்டிய இடம் என்று எதையும் அவர்கள் பார்த்ததில்லை. "மலை எங்கேயும் ஓடிப்போகாது மாஸ்டர். சோறு ஆறிடும்," என்பான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அதனால் அவனுக்கு அவள் மாஸ்டர். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் கிரீஸ் கையோடு வேலை பார்த்தாலும், மதியம் கீழே இறங்கி அந்தத் தெருவில் எந்தக் கடை நல்ல கடை என்று மோப்பம் பிடித்துவிடுவான்.

புதுக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கை கழுவும் இடத்தைப் போய்ப் பார்ப்பான். அது சுத்தமாக இருந்தால்தான் உட்காருவான். ஆளுக்கொரு பதார்த்தம் சொல்ல வேண்டும், பாதியில் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றும்போது மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. தனக்கு வந்தது வாயில் வைக்க விளங்கவில்லை என்றால், அவன் பிரமாதம் பிரமாதம் என்று தலையாட்டியபடியே சீக்கிரமாகத் தட்டைத் தள்ளிவிடுவான். ஒவ்வொரு வருஷமும் அவள் ஏமாந்தாள்.

இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு கடை வாசலில் நின்றுவிட்டான். உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி குடுத்தது இருக்குண்ணே."

"அது ராத்திரிக்கு ஆகும்."

"அண்ணி கொன்னுடுவாங்க."

"உன்னைத்தானே? எனக்கென்ன."

கை கழுவும் இடத்தைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து லாட்ஜுக்கு வந்ததும் கண்ணைச் சொக்குகிறது என்று படுத்தான். அவன் தூக்கம் கெடக் கூடாதென்று அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். டீ குடிக்க எழுப்பியபோது அவன் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஏற்கெனவே பலவீனமான இதயம்மா. ஒரு வேளை சாப்பாட்டால வந்ததில்ல," என்றார். அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். ஆனால் அண்ணி அந்த டாக்டர் இல்லையே.

வேன் மறுபடி கிளம்பியது. வளைவு வரும்போதெல்லாம் அவள் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

ராத்திரி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் சோபாவை ஓரமாக நகர்த்தி அண்ணனைக் கிடத்தினார்கள். அண்ணி அவன் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. பிறகு தங்கையின் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இவளும் பின்னாலேயே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

அண்ணி அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேடையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் சாப்பிட்டாரா?"

"ஆமா அண்ணி."

"கோசையும்?"

"கோசையும்."

அண்ணி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "முப்பது வருஷத்துல நான் வச்ச கோசை அந்த மனுஷன் ஒரு நாள் முழுசாத் தின்னதில்ல. ஜன்னல் வழியா காக்காய்க்குப் போடுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

இவள் அடுக்குகளை மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப் போனாள்.

"பொய் சொல்லாதே. இனிமே அவர்கிட்ட நான் எதையும் கேட்க முடியாது. உன்கிட்டதான் கேட்க முடியும். என்ன சாப்பிட்டார்?"

"மீன். வறுத்தது. ரெண்டு தட்டு. பாதியில மாத்துவோம்ல, என் தட்டை வாங்கிக்கிட்டவர் அவரோடதைத் தரவே இல்ல. இது போதும்ணேன்னு சொன்னேன். கேட்கல. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் அண்ணி. ஆனா அவ்வளவு ஆசையாத் தின்னாரு. எனக்கு மனசு வரல."

கூடத்தில் யாரோ நாற்காலிகளை விரித்துப் போட்டார்கள். அண்ணி கத்துவாள், வெளியே போடி என்பாள், இந்த வீட்டு வாசல்படி இன்றோடு சரி என்று இவள் காத்திருந்தாள். அண்ணன் போனதோடு அண்ணியும் போய்விட்டால் தனக்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோதுதான், அதுவரை வராத அழுகை வந்தது.

"என்ன மீன்?" என்றாள் அண்ணி.

"பேர் தெரியல. ஆத்து மீன்னு சொன்னாங்க. ஒரே முள்ளு."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "முள்ளா? அவருக்கு முள் எடுக்கத் தெரியாதே."

"அது எனக்குத் தெரியும் அண்ணி. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"ரெண்டு தட்டுக்கும்?"

"ரெண்டுக்கும்."

"சின்ன முள்ளும்?"

"சின்ன முள்ளும் அண்ணி. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்."

"அப்ப நீ என்ன சாப்பிட்டே?"

"எனக்கு எங்க மிச்சம் வச்சாரு."

அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு, "கையைக் காட்டு," என்றாள்.

இவள் நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனி சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் பொடியாக ஒரு வெள்ளைப் புள்ளி. இவ்வளவு நேரமும் அவளுக்கு அது தெரியவே இல்லை.

அண்ணி மேடைக்கு மேலிருந்த விளக்கையும் போட்டாள். அலமாரி மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, அடுப்பைப் பற்றவைத்து அதன் நுனியைத் தீயில் காட்டினாள். விரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து அமுக்கினாள்.

"ஆட்டாதே."

கூடத்திலிருந்து யாரோ அண்ணியைக் கூப்பிட்டார்கள்.

"வரேன்," என்றாள் அண்ணி, விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.